பூரிக்கட்டை உருண்ட சத்தம்

செல்வமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. புதன்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். கடையில் நாலைந்து லாரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி டீச்சர் போன் செய்தார். "சரோசா, அக்கா போயிட்டாங்க. இப்பதான் அவங்க பொண்ணு சொல்லிச்சு" என்றார். சரிங்க டீச்சர் என்றேன். போனை வைத்துவிட்டு வடையைத் திருப்பிப் போட்டேன். சிவந்ததும் அரித்து எடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்னக்கா, இன்னொரு ஈடு போடலியா?" என்று கேட்டார். எடைமேடை அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அக்காவை அவருக்கும் தெரியும். அரியலூர் வழியாகப் பாரம் ஏற்றிக்கொண்டு போகிற பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

அக்காவைப் பற்றி என்னை எழுதச் சொன்னது டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை நம்மோடு தியானத்தில் உட்கார்ந்து பழகிவிட்டு வெளியூர் போனவர்கள், அக்காவிடம் எடை போட்ட டிரைவர்கள், எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்றார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொடுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் இதில் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அக்கா விழுந்த நேரத்தில் அங்கே இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது. அதை அக்காவின் மகளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா யார் என்பதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் இட்லிக் கடைக்கு எதிரில், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எடைமேடை. சுண்ணாம்புக்கல் லாரி, எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பு லாரி, ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டை, மக்காச்சோளம், எல்லாம் அதன் மேல் ஏறி நின்று எடை பார்த்துவிட்டுப் போகும். பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் அக்கா பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மைக் இருக்கும். வண்டி மேடைமேல் நிற்கும்போது டிரைவர் இறங்காமல் படியில் தொங்கிக்கொண்டு நின்றால் அவன் எடையும் சேர்ந்துவிடும். அப்போது அந்த மைக்கில் சாலை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவார்: "பழனிவேலு, எறங்கு. சோளத்தத்தான் வாங்குறாங்க, உன்ன யாரும் வாங்கல." என் கடையில் சாப்பிடுகிறவர்களுக்குப் புரை ஏறும்.

வண்டி ஏறியதும் பெட்டியில் சிவப்பு எண் ஓடும். கூடும், குறையும், நிற்காது. அவசரக்காரர்கள், "எழுதுங்கக்கா, வெயிலு கொளுத்துது" என்பார்கள். அக்கா எழுத மாட்டார். "எண்ணு ஆடும். ஆடட்டும். நின்ன பெறவு எழுதலாம்" என்பார். இதைத் தினமும் நூறு தடவை சொல்லியிருப்பார். பிறகு மாடியில் எங்களிடமும் அதையேதான் சொன்னார். மனசு ஆடுகிறதே அக்கா, கண்ணை மூடினால் கடன்காரன், மருமகள், மாவு, எல்லாம் வருகிறதே என்று நான் கேட்டபோது, "லாரி இப்பத்தான ஏறிருக்கு. எண்ணு ஆடத்தான் செய்யும். நீ ஏன் அதுக்குள்ள பேனாவ எடுக்குற?" என்றார்.

இந்தத் தியானம் அவருக்கு எங்கே கிடைத்தது என்று பலர் கேட்டதுண்டு. நாக்பூரிலிருந்து சிமெண்டு ஆலைக்கு ஏதோ எந்திரம் ஏற்றி வந்த ஒரு லாரி, எடைமேடைக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து மூன்று நாள் நின்றது. அந்த டிரைவர் தினமும் வேலை ஆரம்பிக்கும் முன்னால் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். முன்னால் புத்தர் படம் ஒன்று. அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்த நேரம் அது. இரண்டாம் நாள் அக்கா போய் அவருக்கு எதிரில் நின்றார். அந்த டிரைவர் தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினார், மூச்சை இழுத்துக் காட்டினார், கண்ணை மூடிக் காட்டினார். அக்கா அதைச் சொல்லும்போது சிரிப்பார்: "எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பேசுறதுக்கு வழியில்ல. அதனால ரெண்டு பேரும் பேசாம உக்காந்தோம். அதுதான் பாடம்." போகும்போது அவர் அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதன்பின் இரண்டு முறை தியான முகாமுக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார். ஆனாலும் யார் கேட்டாலும் நாக்பூர்க்காரரைத்தான் சொல்வார். அவர் பெயர் மட்டும் அக்காவுக்குத் தெரியாது.

எடைமேடை அறைக்கு மேலே மாடியில் ஒரு நீளமான கூடம் சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றே காலிலிருந்து நான்கு மணி வரைக்கும் உட்கார ஆரம்பித்தார். அந்த நேரத்தில் லாரிகள் நிழல் பார்த்து நிற்கும். என் கடையிலும் மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால பஜ்ஜிக்கு இன்னும் நேரம் இருக்கும். நான் அங்கே போனது தியானத்துக்காக இல்லை. மே மாதம். தகரக் கொட்டகைக்குள் என்னால் உட்கார முடியவில்லை. அக்கா சாலையைத் தாண்டி வந்து, "மாடில ரெண்டு ஃபேன் இருக்கு சரோசா. முக்கா மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போ. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். ஃபேனுக்காகப் போனேன். கடைசியாக ஒரு பாய் காலியாகக் கிடந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். அக்கா கைதட்டிய சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது நான் பாயில் கட்டையாகப் படுத்துக் கிடந்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தா.பழூரிலிருந்து வருகிற கலியமூர்த்தி அண்ணன், "நான் கரும்பு வண்டி மாடியில ஏறிடுச்சோன்னு பாத்தேன்" என்றார். அவ்வளவு குறட்டை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி வர மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா சொன்னார்: "குறட்ட விட்டாலும் உள்ளதான இருந்தே? வெளிய நின்னு குறட்ட விடலியே. அடுத்த வாரமும் வா. பாய் போட்டு வெச்சிருப்பேன்."

அந்தப் பாய் விஷயம் உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் வருவார்கள் என்றால் அக்கா பதினொரு பாய் போடுவார். புதிதாக வருகிறவர் வாசலில் நின்று, இடம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கக் கூடாது. வந்து நிற்கும்போதே இடம் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பதினொன்றாவது பாயில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் உட்கார்ந்தோம். டயர் பஞ்சர் ஆகி நின்றவர், பஸ்ஸைத் தவறவிட்டவர், மகளைக் காலேஜில் சேர்க்க வந்தவர், யார் யாரோ உட்கார்ந்தார்கள். சிலர் ஒரு நாளோடு சரி.

ஆரோக்கியமேரி டீச்சர் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு மதியம் இங்கே வருவார். முதல் நாள் புத்தர் படத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "நான் வேற சாமி கும்புடுறவங்க. வரலாமா?" என்று கேட்டார். அக்கா, "இவரு சாமி இல்லீங்க டீச்சர். நம்மள மாதிரி உக்காந்து பாத்தவரு. நல்லா உக்காந்தவரு, அவ்ளோதான். நீங்க உங்க சாமியக் கூட்டிக்கிட்டே வாங்க, பாய் இருக்கு" என்றார். டீச்சர் உள்ளே வந்தார். இன்றைக்கும் கழுத்தில் செபமாலையோடுதான் உட்காருகிறார். கலியமூர்த்தி அண்ணன் நெற்றி நிறையத் திருநீறோடு நாற்காலியில் உட்காருவார். அவருக்கு முட்டி வலி. முட்டி வலிக்குத்தான் வந்தார், இன்னும் சரியாகவில்லை. "வலி அங்கியேதான் இருக்கு. நான்தான் அது பக்கத்துல உக்காந்து பழகிட்டேன்" என்பார்.

முடிவு மணி அடிக்க அக்கா பிறகு தன் அம்மா கூழ் குடித்த வெண்கலக் கும்பாவைக் கொண்டுவந்து வைத்தார். தட்டுவதற்கு ஏதாவது கட்டை வேண்டும் என்றார். என் கடையில் பூரி போடுவதை நான் நிறுத்தியிருந்தேன், அதற்கு எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. பழைய பூரிக்கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு முனையில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினோம். அதால் கும்பாவைத் தட்டினால் சத்தம் கிளம்பி, கூடத்தைச் சுற்றி வந்து, மெதுவாகப் போகும். அந்தச் சத்தம் முழுக்கப் போன பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். அது நம் வழக்கம்.

இன்னொரு வழக்கம் வந்தது என்னால்தான். கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. நான் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்ப்பேன். உளுந்து ஊறிவிட்டிருக்கும், பால்காரர் வந்துவிடுவார் என்று எனக்கு ஆயிரம் இருக்கும். ஒரு நாள் முடிந்ததும் அக்கா எல்லார் முன்னாலும், "என்னடி சரோசா, சோத்துப்பான மூடியத் தொறந்து தொறந்து பாக்குற மாதிரி பாக்குற. எப்பிடி வேவும்?" என்றார். கலியமூர்த்தி அண்ணன் அப்போதே எழுந்து கடிகாரத்தைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து நேரம் பார்க்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். எங்களுக்கு எதிரில், கும்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தோடு உட்காருவார். "மணி பாக்குறது என் வேல. லாரிக்காரன் ஆரன் அடிச்சாலும், எவன் வந்து கத்துனாலும், கும்பா சத்தம் வரைக்கும் நீங்க கண்ணத் தொறக்காதீங்க" என்றார். எங்களை எல்லாம் அவர் பார்த்தார். அவரைப் பார்க்க யாரும் இல்லை. அது ஒரு குறை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

எனக்குக் கண்ணைத் திறக்காமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது சத்தம். முப்பது வருஷம் கடை நடத்தியவள். குக்கர் விசில், பால் பொங்குவது, டம்ளர் விழுவது, சாலையில் பிரேக் போடுவது, எது கேட்டாலும் எழுந்து ஓடுகிறவள். சத்தத்துக்குப் பதில் சத்தமும் போடுவேன். வீட்டில் மருமகள் பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் போதும், யாரை நினைத்து வைத்தாய் என்று ஆரம்பித்துவிடுவேன். அவள் என் மகனைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குத் தனிக்குடித்தனம் போனதற்கு அந்தப் பாத்திரங்கள்தான் காரணம். அக்காவிடம் சொன்னேன். "சத்தம் வந்தா சத்தம்னு தெரிஞ்சுக்க. யாரு போட்டா, ஏன் போட்டான்னு அது பின்னாடியே போவாத. கதவுல நின்னு பாரு, அது தெருவோட போயிரும்" என்று சொல்லிக்கொடுத்தார். சத்தம், சத்தம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது நாலு வருஷம் வரவில்லை. கீழே ஆரன் அடித்தால் தோள் குலுங்கும். போகப் போகக் குலுங்குவது குறைந்தது. பெரம்பலூருக்குப் போய் மருமகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுக்கூட வந்தேன். அவள் பாத்திரம் வைத்தாள். நான் சும்மா இருந்தேன். வந்து சொன்னபோது அக்கா, "பாத்திரத்த எண்ணிக்கிட்டு இருந்தியா, சும்மா இருந்தியா?" என்று கேட்டார். கொஞ்சம் எண்ணினேன் என்றேன். அதற்கும் சிரித்தார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

அக்காவோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம். பத்துப் பாய் போட்டிருந்தது. மூன்றே காலுக்கு அக்கா, "ம், உக்காருவோம்" என்றார். நல்லபடியாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்து, "இன்னைக்கு உளுந்து ஊறப் போட்டியா?" என்று கேலிகூடச் செய்தார். கண்ணை மூடினோம். காற்று நன்றாக வந்தது. எனக்கு மூச்சு சீக்கிரமே பிடிபட்டது. எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியாது. பாதிக்கு மேல் போயிருக்கும். அப்போது ஒரு கட்டை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

மற்றவர்களுக்கு அது கேட்டிருந்தாலும் என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்தக் கட்டை என் கடையில் எத்தனையோ தடவை மேடையிலிருந்து விழுந்து உருண்டிருக்கிறது. நடுவில் தடித்த கட்டை. நேராக உருளாது, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். சத்தம் கேட்டதும் பூரிக்கட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா கையிலிருந்து விழுந்துவிட்டது என்றும் தெரிந்தது. பின்னாலேயே துணி உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். எடுக்கக் குனிகிறார் என்று நினைத்தேன். சத்தம், சத்தம் என்று சொல்லிக்கொண்டேன். மூச்சுக்குத் திரும்பிவிட்டேன். தோள் குலுங்கவில்லை. அவர் நாலு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை நான் சரியாகச் செய்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தோம். கும்பாச் சத்தம் வரவில்லை. இன்று அக்கா கொஞ்சம் நீட்டுகிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். பிறகு பேசியபோது எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கலியமூர்த்தி அண்ணன், தன் முட்டி வலிகூட அன்றைக்கு அடங்கியிருந்தது என்று சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பால்காரர் தங்கராசு நாலரைக்குத்தான் வருவார். அவர் கீழே சாலையில் நின்று, "சரோசாக்கா, பாலு!" என்று கூப்பிட்டது கேட்டது. நாலரை ஆகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். நான் அசையவில்லை. கடைசியில் அவர் கேனோடு மாடி ஏறி வந்தார். எங்களுக்கு அவர் வைத்திருக்கும் பேர் கண்ணமூடிக் கூட்டம். வாசலில் நின்று, "என்னக்கா, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்றார். கேனைக் கீழே வைத்தார். "எக்கா, எந்திரிங்க. அந்தம்மா சாஞ்சு கெடக்காங்க."

அக்கா வலது பக்கமாகச் சுவரில் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் கோணியிருந்தது. கும்பா இருந்த இடத்தில் இருந்தது. கட்டை எதிர்ச் சுவரோரம் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தன மணிக்கு வந்துச்சு?" டீச்சர் சொன்னார்: "மூணேகாலுக்கு நல்லா இருந்தாங்க." அதுக்கப்புறம் என்று டாக்டர் கேட்டார். "அதுக்கப்புறம் நாங்க கண்ண மூடிட்டோங்க" என்றார் டீச்சர். டாக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒம்போது பேருமா?" எட்டுப் பேர் என்று கலியமூர்த்தி அண்ணன் திருத்தினார். நான் டீச்சருக்குப் பின்னால் நின்றேன். கட்டை உருண்டது என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் நான் கேட்கவும் இல்லை. கட்டை விழுந்த அந்த நிமிஷமே கண்ணைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னாலேயே கொண்டுபோயிருப்போம்.

அக்கா ஒன்பது நாள் இருந்தார். பேச்சு வரவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன், ஐந்து நிமிஷம் விட்டார்கள். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அவர் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். நர்சம்மா நேரமாகிவிட்டது என்றார். வெளியே அக்காவின் மகள் கலைச்செல்வி இருந்தாள். பெரம்பலூரில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். என்னைச் சித்தி என்று கூப்பிடுகிற பெண். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எட்டுப் பேரு சுத்தி உக்காந்திருந்தீங்க. பாலு ஊத்த வந்தவரு பாத்துச் சொல்லணுமா?" நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பெரம்பலூருக்குப் போனேன். மருமகள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கலை வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தாள். கும்பா அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கு சத்தம் கேட்டுச்சு கலை."

"என்ன சத்தம்?"

"கட்ட விழுந்து உருண்டுச்சு. எங்க கடக் கட்டதான், எனக்கு நல்லாத் தெரியும். அம்மா கையிலேர்ந்து விழுந்துருச்சுன்னும் தெரிஞ்சுது. எடுத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

அவள் அலமாரியில் இருந்த கும்பாவைப் பார்த்தாள். கேட்டாள்: "அம்மா கூப்புட்டாங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல. துணி ஒரசுன மாதிரி கேட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"ஆஸ்பத்திரில ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மாவே உங்கள கண்ணத் தொறக்காதீங்கன்னு சொல்லிருக்காங்கல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு சொன்னா என்ன. ஒருத்தராவது தொறந்து வெச்சிருக்கணும்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரவில்லை. வாசல் வரைக்கும் வந்தாள்.

நான் ஊருக்கு வந்து குழுவில் எல்லாரிடமும் சொன்னேன். கட்டை விழுந்தது தனக்கும் கேட்டதாகவும், கலியமூர்த்தி அண்ணன் தன் ஊன்றுதடியைத் தட்டிவிட்டார் என்று நினைத்ததாகவும் டீச்சர் சொன்னார். அவரும் அதை அதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் உட்கார வேண்டாம் என்று இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் இரண்டு ஞாயிறு மாடிப்படி ஏற மனசு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ஏறினேன். கூட்டினேன். பாய்களைப் போட்டேன். என்னோடு சேர்த்து ஆறு பேர் மிச்சம். ஏழு போட்டேன்.

மணி பார்க்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கும்பா இல்லை, கடையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுபோயிருந்தேன். கட்டை இருந்தது. எல்லாரும் உட்கார்ந்து, நான் ஆரம்பிக்கலாம் என்று சொல்லப் போகும்போது கலை வாசலில் நின்றாள். கையில் துணிப்பை. உள்ளே வந்து கும்பாவை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். காலியாகக் கிடந்த பாயைப் பார்த்தாள். அதை இழுத்துக்கொண்டுபோய், மற்றவர்களுக்குப் பின்னால், நேராக எனக்கு எதிரில் போட்டுக்கொண்டாள்.

"இவங்கள எல்லாம் நீங்க பாக்குறீங்க சித்தி. உங்கள யாரு பாக்குறது?" என்றாள்.

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான் பாக்குறேன். எனக்கு இந்தக் கண்ண மூடுறதெல்லாம் வராது" என்றாள்.

மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். அக்காவின் இடத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அங்கிருந்து எல்லார் முகமும் தெரிகிறது. கலியமூர்த்தி அண்ணன் வாய் பாதி திறந்திருக்கிறது. டீச்சர் புருவத்தை நெரிக்கிறார், பிறகு விடுகிறார். ஒருவருக்குத் தலை தொங்குகிறது. இவ்வளவு வருஷமும் அக்கா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் குறட்டையையும், ஒரு கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்ததையும், தோள் குலுங்கியதையும், குலுங்காமல் போனதையும் இங்கிருந்துதான் பார்த்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த இடம். இங்கே உட்காருகிறவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். கீழே ஆரன் அடித்தால் ஆரன் என்று தெரிந்துகொள்கிறேன். கூடத்துக்குள் எது விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிகிறது. அதை அக்காவிடம் சொல்லியிருந்தால் சரி என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நாலு மணிக்குக் கும்பாவைத் தட்டினேன். சத்தம் கூடத்தைச் சுற்றி வந்து மெதுவாகப் போனது. அது முழுக்கப் போன பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். கலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.